ஆனால் சார் தலையாட்டிய நாள்

சுற்றுலா மேலாண்மைத் துறையின் தலைவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அறைக் கதவில் பித்தளைப் பலகையில் அது மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. மாணவர்கள் வாயில் மட்டும் அவர் 'ஆனால் சார்'. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒரு பெருமூச்சு விட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனால்..." என்று தொடங்குவார். அந்த ஆனாலுக்குப் பின்னால் வருவதைக் கேட்க நாற்காலி போட்டு உட்கார வேண்டும். 'நல்லாத்தான் இருக்கு' என்பதையும் அவர் விட்டுவிடுகிற நாட்கள் உண்டு. அன்றைக்கு அந்தப் பக்கமே யாரும் போக மாட்டார்கள்.

அந்தத் துறையில் கடைசியாக வந்து சேர்ந்தவள் சின்ன மேடம். இதுவும் மாணவர்கள் வைத்த பெயர். உருவத்தில் சின்னவள், குரல் அதைவிடச் சின்னது. மாணவர் யாராவது எதிரே வந்து வணக்கம் சொன்னால், அவர்கள் தாண்டிப் போன பிறகுதான் இவளுக்குப் பதில் வணக்கம் வாயில் வரும். தற்காலிக விரிவுரையாளர். வழிகாட்டுதல் செய்முறை என்கிற ஒரே ஒரு பாடத்துக்காக எடுத்திருந்தார்கள். பாடம் இருக்கும்வரை அவள் இருப்பாள். பாடம் போனால் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்தப் பாடத்தைத்தான் நிறுத்தச் சொல்லி ஆனால் சார் பதிவாளருக்கு எழுதியிருந்தார். செய்முறைத் தேர்வு வேண்டாம், எழுத்துத் தேர்வே போதும் என்று.

அவள்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் தாமரைத் தொட்டிமேல்.

செய்முறைத் தேர்வு இப்படி நடக்கும். பல்கலைக்கழக வளாகத்தையே ஒரு சுற்றுலாத் தலமாக நினைத்துக்கொண்டு, மாணவர் ஒரு குழுவைச் சுற்றிக் காட்ட வேண்டும். குழுவில் பயணிகளாக வருவது ஆசிரியர்கள். சும்மா வர மாட்டார்கள், ஆளுக்கொரு வேஷம். பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளை மடித்துப் போட்டிருக்கும். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவர், எப்போதும் பிந்தி வருகிறவர், கால் வலிக்காரர், படம் பிடிக்கும் பைத்தியம் என்று எது வருகிறதோ அது. கடைசியில் தேர்வாளரான சின்ன மேடம் விசில் ஊதும்வரை அந்த ஆளாகவே இருக்க வேண்டும். அந்தத் தொல்லையை மாணவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதுதான் தேர்வு.

போன தடவை ஹோட்டல் சாருக்குப் படம் பிடிக்கும் பைத்தியம் வந்தது. ஹோட்டல் சார் என்றால் ஹோட்டல் நிர்வாகம் சொல்லித் தருகிறவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். துணைவேந்தர் அலுவலகத்தின் முன்னால் கைப்பேசியை நீட்டித் தன்னையே படம் பிடித்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், தாமரைத் தொட்டிக்குள் மல்லாக்க விழுந்தார். விழுந்தும் வேஷம் கலையவில்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே இன்னொரு படம் எடுத்தார். உள்ளே கூட்டத்தில் இருந்த விருந்தினர்கள் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். சாயங்காலமே துறைத் தலைவருக்கு ஒரு புகார் வந்து சேர்ந்தது. வாழ்நாளெல்லாம் புகார் கொடுத்தே பழகிய மனுஷனுக்கு வாங்கத் தெரியவில்லை.

பதிவாளர் ஒரு அம்மா. நின்றபடி கையெழுத்துப் போடுகிறவர், நடந்தபடி முடிவெடுக்கிறவர். ஆனால் சாரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீங்க ஒரு தடவையாவது அந்தச் சுத்துல பயணியாப் போயிருக்கீங்களா சார்?"

"இல்ல மேடம். ஆனால்..."

"போயிட்டு வாங்க. வேண்டாம்னு தோணினா வேண்டாம். அன்னைக்குச் சாயங்காலமே பாடத்திட்டக் குழு இருக்கு, முடிச்சிடலாம். நானே வந்து கேட்டுக்கறேன்."

தேர்வுக்கு முந்தின நாள் ஆசிரியர் அறையில் சின்ன மேடம் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே டிக்கெட் அக்கா. பயணச்சீட்டு முன்பதிவு பாடம் எடுக்கிறவர், துறையில் எல்லாருக்கும் அக்கா. ஆனால் சாருக்கும் அக்காதான், வயதில் அவரைவிட இளையவர் என்றாலும்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"நாளைக்கு சார் வர்றார் அக்கா."

"வரட்டுமே. கடிச்சா தின்னுடுவாரு?"

"டப்பாவுல எந்தச் சீட்டு வந்தாலும் அவருக்குப் பொருந்திடும் அக்கா. எல்லாம் தெரிஞ்சவர், குறை சொல்றவர், அவசரக்காரர்... எந்தப் பிள்ளை தாங்கும்? நாளைக்குக் கூட்டிட்டுப் போறது யாரு தெரியுமா? கொசு."

டிக்கெட் அக்கா உச்சுக் கொட்டினார். கொசு இறுதியாண்டு மாணவி. வாய் அசைவது தெரியும், பக்கத்தில் போனால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் கேட்கும். அதனால் அந்தப் பெயர். அவளிடம் சின்ன மேடத்துக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஜன்னல் ஓரத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஹோட்டல் சார், "அந்தப் பாத்திரத்தை எல்லாம் அவரு தினமும் மேக்கப் இல்லாமலே செய்யறாரே" என்றார்.

"நீ வாயை மூடு. நீ தொட்டியில விழுந்ததாலதான் இத்தனையும்" என்றார் டிக்கெட் அக்கா. பிறகு கண்ணைச் சுருக்கிச் சின்ன மேடத்தைப் பார்த்தார். "அவருக்குச் சுத்தமாப் பொருந்தாத சீட்டு எதுவுமே இல்லையா?"

ஒன்று இருந்தது. சின்ன மேடமே எழுதிச் சேர்த்தது. தலையாட்டி.

தலையாட்டியை அவள் எங்கேயும் தேடிப் போய் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தார். அவளுடைய அப்பா.

அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. முடி திருத்துகிறவர் "இன்னும் கொஞ்சம் எடுக்கவா?" என்று கேட்கக் கேட்கச் சரி சரி என்று சொல்லி, மொட்டையாக வீடு வந்து சேர்ந்தவர். ஒரு தடவை பேருந்தில் நடத்துநர் "கடைசி ஸ்டாப்தானே?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு, கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே பேருந்தில் திரும்பி வந்தார். நடுவில் அவருடைய ஆபீஸ் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாராம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அதே கதைதான்.

"இன்னொரு கரண்டி போடவாப்பா?" என்று இவள் கேட்டாள்.

"போடும்மா."

அப்பா விழி பிதுங்குவதைப் பார்த்து அம்மா கரண்டியைப் பிடுங்கினாள். "உங்கப்பாகிட்டப் போய் வேணுமான்னு கேப்பாங்களா? கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன், ஆமான்னாரு. பக்கத்துல இருந்த என் தங்கச்சியைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னாரு."

"நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார் அப்பா.

"இதா அதான்னு கேக்கணும்டி. ரெண்டை முன்னால வெச்சா ஒண்ணைத் தொட்டுத்தானே ஆகணும்? அப்பதான் மனசுல இருக்கறது வெளிய வரும். ஏங்க, போடணுமா, போதுமா?"

"போதும்" என்றார் அப்பா, உயிர் வந்தவராக.

இதை அவள் வகுப்பில் பாடமாகவே எடுத்திருந்தாள், அப்பா என்று சொல்லாமல். குறை சொல்லும் பயணியைச் சமாளிப்பது சுலபம். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிடுகிறார். தலையாட்டிதான் ஆபத்து. எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்பார், ஊருக்குப் போய்த் திட்டித் தீர்ப்பார். அவருடைய ஆமாமை நம்பாதீர்கள். இரண்டை முன்னால் வையுங்கள்.

கை கழுவும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அப்புறம் மறுபடி சிரிப்பு. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டுகளை வெட்டி எழுத உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் ஒரே வேஷம்.

காலையில் துறை வாசலில் டப்பா வந்தது. டிக்கெட் அக்கா கையை விட்டார். விரலிடுக்கில் முன்கூட்டியே செருகியிருந்த சீட்டை எடுத்து விரித்து, "அடடா, கால் வலிக்காரி! பொருத்தம்தான்" என்று வியந்தார். ஹோட்டல் சாருக்கு எல்லாம் தெரிந்தவர். அவரும் வியந்தார், கொஞ்சம் அதிகமாகவே. அடுத்தது ஆனால் சார்.

முதலில் அவர் விதிகளைச் சொன்னார். விதிகள் அவர் போட்டவை. முன்பெல்லாம் ஆசிரியர்கள் பாதியில் வேஷத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியில் பேசப் போய்விடுவார்கள் என்று கடுமையாகப் போட்டது. விசிலுக்கு முன்னால் எந்தப் பயணியாவது வேஷம் கலைத்தால் மாணவருக்கு முழு மதிப்பெண். தேர்வாளர் நடுவில் வாயைத் திறந்தால் தேர்வு செல்லாது, மாணவர் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். தேர்வாளர் விளக்குக் கம்பம் மாதிரி கூடவே வர வேண்டும். கம்பம் பேசாது.

ஆனால் சார் இதுவரை யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. ஒரு தடவை மாதிரி விடைத்தாளை அவரே எழுதி, திருத்தும்போது அதிலும் குறைத்தார் என்று கேள்வி.

கையை விட்டார். எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"தலையாட்டி. எதைக் காட்டினாலும் நல்லது என்பார். எதைக் கேட்டாலும் சரி என்பார்." நிமிர்ந்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனால்..."

"வேஷம் ஆரம்பிச்சாச்சு சார்" என்றார் டிக்கெட் அக்கா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "ஐயோ, என் காலு."

ஆனால் சாரின் வாய் திறந்தது, மூடியது. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ரொம்ப நல்லது" என்றார்.

கொசு முன்னால் வந்து நின்றாள். கையில் சிவப்புக் குடை, அதுதான் கொடி. முகம் வெளுத்திருந்தது. "எல்லாருக்கும் வணக்கம். நான் பேசறது கேக்குதா?"

கேட்கவில்லை. மூன்றாவது ஆளாக நின்ற ஆனால் சாருக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "நல்லாக் கேக்குது" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கொசு அவர் பல்லைப் பார்த்தாள். இரண்டடி முன்னால் வந்தாள். சின்ன மேடம் கம்பமாக நின்றபடி ஒரு குறி போட்டுக்கொண்டாள்.

முதலில் நூலகம். நூலகருக்கும் ஆனால் சாருக்கும் வாசிப்பறை மின்விசிறி விஷயமாக வெகுநாள் பகை. விசிறி சத்தம்தான் போடுகிறது, காற்று தருவதில்லை என்பது இவர் கட்சி. இருக்கிற விசிறியில் எது ஓடுகிறதோ அதற்குக் கீழே உட்காருங்கள் என்பது அவர் கட்சி. குழு உள்ளே நுழைந்ததும் நூலகர் ஆயத்தமாக எழுந்து நின்றார்.

"இங்க காத்தோட்டமா உக்காந்து படிக்கலாம்" என்றாள் கொசு.

"அருமையான காத்து" என்றார் ஆனால் சார்.

நூலகர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து அவர் காதருகில் கேட்டார். "சார், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? உடம்பு கிடம்பு..."

"ரொம்ப நல்லது" என்றார் ஆனால் சார். நூலகர் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

படியிறங்கும்போதுதான் மற்ற இரண்டு பேருக்கும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஹோட்டல் சார் அவர் தோளோடு தோள் நடந்தார். "பயணத்துல நாலு பேர் பேசிக்கறதுதானே. நானும் உங்களை மாதிரி ஒரு துறைத் தலைவரைக் கேள்விப்பட்டிருக்கேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. புது ஏசியை அவரு அறையில மாட்டிக்காம, ஹோட்டல் லேபுக்குக் கொடுத்திட்டாராம். தங்கமான மனுஷன். நீங்களா இருந்தாலும் அப்படித்தானே செய்வீங்க?"

ஆனால் சார் நின்றார். கண்ணில் பொறி பறந்தது. கொசு குடையோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது.

"ஐயோ, என் காலு" என்று மறுபக்கம் வந்து சேர்ந்தார் டிக்கெட் அக்கா. "வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு எடுத்துட்டு வீட்டுக்குப் போனா இந்தக் கால் தாங்கறதே இல்ல. புண்ணியவான் யாராவது அந்த வகுப்பை எடுத்துக்கிட்டா நல்லாருக்கும். எடுத்துப்பீங்களா?"

"ரொம்ப... சந்தோஷம்."

சின்ன மேடம் குறி போடுவதை நிறுத்தினாள். கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பியாயிற்று. விசில் ஊதினதும் இந்த ஏசி, இந்த வெள்ளிக்கிழமை எல்லாம் யார் தலையில் விடியும்? டிக்கெட் அக்கா நிரந்தர வேலை. ஹோட்டல் சார் நிரந்தர வேலை. கண்ணால் கெஞ்சிப் பார்த்தாள். அக்கா கண்ணடித்தார்.

அடுத்தது கேண்டீன். கேண்டீன்காரர் ஆனால் சாரைக் கண்டதும் வழக்கம்போலக் கல்லாவுக்குப் பின்னால் குனியப் பார்த்தார். கொசு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். டீ வெதுவெதுப்பாக, ஆடை படிந்து இருந்தது. அந்த ஆடையைப் பற்றி ஆனால் சார் வளாகக் குழுவில் உரையே நிகழ்த்தியிருக்கிறார். இப்போது குடித்தார். மூடிய கண்ணோடு விழுங்கினார்.

"நல்லா இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டார் கேண்டீன்காரர், வாய் தவறி.

"ரொம்ப நல்லா இருக்கு."

கேண்டீன்காரர் முகம் செத்துப் போயிற்று. இத்தனை காலத்தில் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை. கடையை மூடப் போகிறார்கள், அதனால்தான் கடைசியாக ஒரு நல்ல வார்த்தை சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். உள்ளே போய் மனைவியிடம் ரகசியமாக ஏதோ சொன்னார். மனைவி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொசு அருகில் வந்தாள். கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்தாள். மாற்றித் தரட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

"ஐயா, உங்களுக்குப் பால் ஊத்தினதா, ஊத்தாததா?"

ஆனால் சார் அவளைப் பார்த்தார். வேஷத்துக்குள்ளேயே ஒரு கதவு திறந்தது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"ஊத்தாதது" என்றார்.

"வெதுவெதுப்பாவா, கொதிக்கக் கொதிக்கவா?"

"கொதிக்கக் கொதிக்க."

வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை கொசு மற்றவர்களை நகர விடவில்லை. டிக்கெட் அக்கா நிஜமாகவே கால் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆனால் சார் முகத்தில் இருந்தது என்ன என்று சின்ன மேடத்துக்குப் பிடிபடவில்லை. இதுவரை அவரிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. என்ன வேண்டாம் என்பதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், கேட்க எங்கே நேரம்?

கடைசி இடம் வறண்ட நீரூற்று. சுற்றிலும் கல் பெஞ்சுகள், உச்சி வெயில். கொசு நீரூற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பதிவாளர் அம்மா வேகவேகமாக வந்தார், கையில் கோப்போடு.

"சார், போயிட்டு வந்தாச்சா? எனக்கு நேரம் இல்ல. நீங்க எழுதின மாதிரியே இந்தச் செய்முறைத் தேர்வை நிறுத்திடலாம்தானே?"

சின்ன மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தலையாட்டி எதைக் கேட்டாலும் சரி என்பார். நிறுத்தலாமா என்று கேட்டாலும். இதை அவள் நினைக்கவே இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அந்தச் சீட்டை எழுதியது அவள் கை.

ஆனால் சார் பதிவாளரைப் பார்த்தார், கொசுவைப் பார்த்தார். விதி விதிதான். விதியைப் போட்டவரும் அவர்தான்.

"சரி மேடம். ரொம்ப நல்லது."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்." பதிவாளர் கோப்பைத் திறந்தார்.

ஹோட்டல் சார் சிரிப்பை நிறுத்தினார். டிக்கெட் அக்கா முழங்காலை விட்டுவிட்டார். சின்ன மேடத்தின் வாய் திறந்தது. இது வேஷம் மேடம், அவர் பேச்சை எடுத்துக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் கொசுவின் தேர்வு செல்லாது. விசிலை ஊதிவிடலாமா? கொசு இன்னும் நன்றி சொல்லி விடை கொடுக்கவில்லை, பாதியில் ஊதினால் அதற்கும் அவளுக்குத்தான் குறையும். ஒரு பக்கம் தன் வேலை, மறு பக்கம் அந்தப் பெண். வாயை மூடிக்கொண்டாள். கம்பம் பேசாது.

கொசு பேசினாள்.

"வாங்கம்மா. புதுசாச் சேர்ந்திருக்கீங்க. அங்க வெயில், இப்படி நிழலுக்கு வாங்க."

பதிவாளர் அம்மாவை யாரும் அப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியதில்லை. என்ன ஏது என்று தெரியாமலே நிழலுக்கு வந்து நின்றார். கொசு குடையை ஆனால் சார் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். குரல் ரீங்காரம்தான், ஆனால் பக்கத்தில் நின்று பேசினாள், கேட்டது.

"ஐயா, நீங்க காலையிலேர்ந்து எல்லாத்துக்கும் நல்லதுன்னே சொல்றீங்க. அதனால நான் வேற மாதிரி கேக்கறேன். இந்த மாதிரி நடந்து சுத்திக் காட்டற தேர்வு அடுத்த வருஷமும் இருக்கணுமா, எழுத்துத் தேர்வா மாறணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இப்போது வேஷம் குறுக்கே நிற்கவில்லை. எழுத்துத் தேர்வு என்று இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் அவர் வந்ததே. சின்ன மேடம் நீரூற்றின் கல்லில் ஊர்ந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆனால் சார் வாயைத் திறந்தார். எழுத்துத் தேர்வென்றால் இந்தச் சுற்று இங்கேயே முடிந்துவிடும். இனி நூலகத்துக்குக் குழு வராது, கேண்டீனுக்கு வராது. சரி. காலையிலிருந்து அவர் விழுங்கி விழுங்கி வைத்திருக்கிற ஆனால்கள்? அவை தொண்டை வரை வந்து வரிசை கட்டி நிற்கின்றனவே, எழுத்துத் தேர்வில் அவற்றைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது? இல்லாத சுற்றில் யார் குறை கண்டுபிடிப்பது?

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

ஒரு கணம். அவ்வளவுதான் பிடித்து வைக்க முடிந்தது.

"ஆனால்!"

அணை உடைந்தது.

"ஆனால், நூலகத்துல நீ கட்டடத்தைப் பார்த்துப் பேசற. கட்டடத்துக்கு உன் பேச்சு எதுக்கு? முகம் அங்க, முதுகு இங்க! தலையை எண்ணினியா? ஒரு இடத்துலயும் எண்ணல. இந்த ஹோட்டல்காரர் நடுவுல பிஸ்கட் வாங்கப் போயிட்டு வந்தாரு, தெரியுமா உனக்கு? கழிப்பறை எங்க இருக்குன்னு முதல்லயே சொல்லணும், டீக்கு அப்புறம் இல்ல! அந்த விசிறி, அது காத்தா? டீயா அது? மேடம், அந்த டீயை நீங்க ஒரு தடவை குடிச்சுப் பாருங்க. ஏசியைத் தர மாட்டேன்! வெள்ளிக்கிழமை வகுப்பை அக்காவேதான் எடுக்கணும்! கடைசி இடத்தைக் கொண்டுபோய் இந்த வெயில்ல வெச்சது யாரு? முதல்ல நீரூற்று, கடைசியில நூலகம், அப்பதான் ஆளுங்க உக்காருவாங்க. அடுத்த வருஷம் வழியை மாத்தணும், நானே கூட வந்து..."

மூச்சு வாங்க நிறுத்தினார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, வேஷம்..." என்றாள் கொசு, மெல்ல.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொந்த விதி. முழு மதிப்பெண். துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் அழுக்கு தீரவில்லை.

கொசு எல்லாருக்கும் நன்றி சொன்னாள். தலைகளை எண்ணினாள், பதிவாளரையும் சேர்த்து, விரலை நீட்டி, சத்தமாக. அப்புறம்தான் சின்ன மேடம் விசிலை ஊதினாள். அழுகையும் சிரிப்புமாக ஊதியதில் விசில் கிளிக்குஞ்சு மாதிரி கத்தியது.

பதிவாளர் அம்மா பேனாவைத் திறந்தார். "அப்ப நான் குழுவுல என்ன சொல்லட்டும் சார்? இருக்கட்டுமா, வேண்டாமா?"

"அதான் இருக்கட்டும்னு சொன்னேனே மேடம். ஆனால்..."

"ஆனாலோட சேர்த்தே எழுதிக்கறேன்" என்று நடந்தபடி எழுதிக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் ஆசிரியர் அறைக்கு ஆனால் சார் வந்தார். மேஜைமேல் பிஸ்கட் டப்பா இருந்தது. பாடம் பிழைத்த சந்தோஷத்தில் அதை ஒளித்து வைக்கச் சின்ன மேடம் மறந்திருந்தாள். அவர் மூடியைத் திறந்தார். ஒரு சீட்டை விரித்தார். தலையாட்டி. இன்னொன்று. தலையாட்டி. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விரித்துப் படித்தார், ஏதாவது ஒன்றாவது வேறாக இருக்கும் என்று நம்புகிறவர் மாதிரி. டிக்கெட் அக்கா விடைத்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஹோட்டல் சாருக்கு ஜன்னலுக்கு வெளியே அவசரமாகப் பார்க்க ஏதோ இருந்தது.

அவர் சீட்டுகளைத் திரும்ப மடித்துப் போட்டு மூடினார். சின்ன மேடத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டார்.

ஆனால் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த செய்முறைத் தேர்வு வந்தது. சுற்று நீரூற்றில் தொடங்கி நூலகத்தில் முடிகிறமாதிரி வழியை மாற்றியிருந்தார்கள். "இந்தத் தடவை மதிப்பெண் நான் போடறேன். நீங்க பயணியா வாங்க" என்றார் ஆனால் சார். டப்பாவை அவரே கொண்டுவந்து நீட்டினார். ஒரு தடவை குலுக்கியும் காட்டினார்.

அவள் கையை விட்டாள். எடுத்து விரித்தாள். அவருடைய சாய்ந்த எழுத்து. வாயாடி. விசில் ஊதும்வரை வாயை மூடக் கூடாது.

டப்பாவில் மிச்சம் இருப்பதெல்லாம் என்ன என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. தேவையும் இல்லை. ஆனால் சார் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, ஆவலாகக் காத்திருந்தார். மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு. அவள் காது மடல் சிவந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இன்றைக்குத் தேர்வாளர் அவர். கம்பம் பேசாது.

"எங்கப்பா ஒரு தடவை பஸ்ஸுல போனாருங்க" என்று ஆரம்பித்தாள். "கண்டக்டர் கடைசி ஸ்டாப்தானேன்னு கேட்டாரு. இவரு ஆமான்னுட்டாரு. அதுக்கு முன்னால அந்த பஸ் எப்படி இருந்ததுன்னு சொல்லிடறேன்..."

நூலகம் வரை அவள் நிறுத்தவில்லை. ஆனால் சாரின் தொண்டைக்குழி வழியெல்லாம் ஏறி ஏறி இறங்கியது.